கடல் வெளியே போயிருக்கிறது

செருப்பை இந்த வேலியில் மாட்டுங்கள்.
கடல் எங்கே என்று கேட்க
எப்போதும் ஒருவர் இருப்பார்.
இன்று, ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்த பல் மருத்துவர்.
வெளியே போயிருக்கிறது, ஐயா.
பன்னிரண்டு நாற்பதுக்குத் திரும்பத் தொடங்கும்.
சீட்டைக் காட்டினாலும்
யாருக்காகவும் அது நிற்காது.

என் பெயர் வீப்கே.
பதினேழு கோடைகளாக
வாடன் கடலின் இந்த மூலையில்
கரையிலிருந்து தீவுக்கு ஆட்களை நடத்திப் போகிறேன்.
எனக்குத் தெரியாத ஓடையே இங்கே இல்லை
என்று சொல்லியிருப்பேன்,
போன டிசம்பரில் புயல் வராமலிருந்தால்.

முழங்கால்வரை இறங்கும்போது கூச்சல் போடலாம்,
எல்லோரும் போடுவார்கள்.
சேற்றோடு மட்டும் சண்டை பிடிக்க வேண்டாம்.
குதிகாலை முதலில் எடுங்கள், மெதுவாக.
அவசரக்காரரின் காலுறையைத்தான் அது
வாங்கி வைத்துக்கொள்ளும்.

இதோ, பற்பசையைப் பிதுக்கி வைத்ததுபோல் ஒரு சுருள்.
மணற்புழுவின் எச்சம்.
தொடலாம், வெறும் மணல்தான்,
நம் கைகளைவிடச் சுத்தம்.
விழுங்குகிறது, வேண்டியதை வைத்துக்கொள்கிறது,
மிச்சத்தை வாசலில் கொட்டுகிறது.
நாம் நிற்கும் இந்தத் தரை
எத்தனையோ முறை ஒரு வயிற்றுக்குள் போய் வந்தது.
மருத்துவர் விரலைக் கால்சட்டையில் துடைக்கிறார்.
யாரும் பார்க்காதபோது
மறுபடி தொடுகிறார்.

இப்போது பேசாமல் நில்லுங்கள்.
குனியுங்கள்.
இன்னும்.
கோப்பையில் கற்கண்டைப் போட்டு
அதன்மேல் கொதிக்கும் தேநீரை ஊற்றினால்
விரிசல் விடுமே, அந்தச் சத்தம்.
எங்கள் ஊரில் பிறந்த யாரும் அதைத் தூக்கத்திலும் அறிவார்கள்.
இது அதேதான், மைல் கணக்கில்.
அரிசி மணி அளவு இறால்கள்
வளைக்குள் கொம்பை விரிக்கும்போது
ஒவ்வொன்றும் ஒரு குமிழை உடைக்கிறது.

நாற்பது பேர் மூச்சைப் பிடித்திருந்தோம்.
பிரேமனிலிருந்து வந்த யூலே, ஒன்பது வயது,
கன்னத்தையே சேற்றில் வைத்துக் கேட்டாள்.
எழுந்து, நாங்கள் வந்த தடத்துக்கு நடந்து போய்
அங்கேயும் கன்னத்தை வைத்தாள்.
"இங்கே ஒன்றும் கேட்கவில்லையே."

அதற்கு என்னிடம் பதில் உண்டு.
உரிமம் வாங்கும் தேர்வில்
மூன்று மதிப்பெண் பெற்றுத் தந்த பதில்:
ஒரே பாதையில் மிதித்தால்
மற்ற இடங்கள் பிழைக்கும்.
சொன்னேன். சரியான பதில்தான்.
அவள் தலையாட்டினாள், வகுப்பில் ஆட்டுவதுபோல்.
பிறகு எங்கள் அகலத்தைப் பார்த்தாள்,
படம் எடுக்கவும் பேசிக்கொள்ளவும்
பக்கம் பக்கமாய்ப் பரந்து வந்திருந்த
எண்பது கால்களின் அகலத்தை.

எதுவும் சொல்லவில்லை.
அதன் பிறகு என் காலடிக்குழியில் மட்டும்
தன் காலை வைத்தாள்.
என் எட்டு அவளுக்கு நீளம், தாவித்தான் வர வேண்டும்.
அவள் பின்னால் அவள் அப்பா.
அவர் பின்னால், பெருமூச்சு விட்டபடி, மருத்துவர்.
யாரும் சொல்லாமலே
கூட்டம் ஒரு நூலாகியிருந்ததைத்
திரும்பிப் பார்த்தபோதுதான் கண்டேன்.

நூல் மெதுவாக நகரும்.
கடைசி ஓடையை எட்டியபோது
இருபது நிமிடம் பிந்திவிட்டோம்.
கடல் முன்னதாகவே வந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.
இடுப்பளவு தண்ணீர், பனிக்கட்டிக் குளிர்,
யூலே மருத்துவரின் தோளில்,
என் வாயில் குழந்தைகள் கேட்கக் கூடாத வார்த்தை.
ஆட்களை எண்ணினேன், இரண்டு முறை.
நாற்பது.

சாயங்காலம், பதிவேடு.
தாமதம்: இருபது நிமிடம்.
காரணம் என்ற கட்டம் ஒரு விரல் அகலம்.
மூடுபனி, காற்று, சுளுக்கு,
இத்தனை வருஷமும் அதில் அடங்கியது இவ்வளவுதான்.
பேனா காய்ந்துபோகும் அளவுக்கு யோசித்துவிட்டு
"ஒருவர் அடியில் ஒருவர் நடந்தோம்" என்று எழுதினேன்.
கட்டத்தைத் தாண்டி ஓரம்வரை போயிற்று.

நாளைய குழுவுக்குப் புறப்பாட்டு நேரம்
ஒன்பதரை என்று அச்சாகியிருந்தது.
அடித்துவிட்டு
ஒன்பது பத்து என்று போட்டேன்.